கோபுரம் தெரியும் சாலையில் ஒரு மண்டையோடு

மதுரையிலிருந்து தென்காசி போகும் பேருந்தில் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும். திருமங்கலம் தாண்டி, டி.கல்லுப்பட்டி தாண்டி, கிருஷ்ணன்கோவிலை நெருங்கும்போது மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம். பதினொரு நிலை, 192 அடி உயரம். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கோபுரம் கண்ணில் பட்டதும் பேருந்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிரைவரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு கணம் அவர் கண் சாலையில் இல்லை.

இந்தச் சாலைக்கு அரசாங்கக் கணக்கில் தேசிய நெடுஞ்சாலை 744 என்று பெயர். பழைய எண் 208. திருமங்கலத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாக மலையேறி, கொல்லத்தில் போய் முடிகிறது. கேரளத்துக்குப் போகும் காய்கறியும் இதில்தான், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் இதில்தான், குற்றாலத்தில் குளிக்கப் போகிறவர்களும் இதில்தான். நான்குவழியாக்கும் வேலை தொடங்கிய பிறகும் ஊர்களை ஒட்டிப் போகும் பழைய இருவழிப் பாதையில் நெரிசல் குறையவில்லை.

ஒரு வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் மண்டையோடு வரைந்த ஒரு போர்டு நின்றது. ‘விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். அதில் நசுங்கிக் கிடக்கும் பைக், தார்ச்சாலையில் வழியும் ரத்தம், மூலையில் எருமை மேல் எமன். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பேருந்தின் வேகம் மாறவில்லை.

இந்தப் படங்கள் வேலை செய்கின்றனவா என்று சாலையிலேயே பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பி வந்தேன். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் இந்தியாவிலேயே நாம்தான் முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 பேர். நாடு முழுக்க அந்த ஆண்டில் இறந்த 1,68,491 பேரில் பத்தில் நாலு பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இவ்வளவு சாவைத் தடுக்க நாம் கையில் எடுத்திருக்கும் கருவிகளில் ஒன்று பயம். அந்தக் கருவி கூராக இருக்கிறதா என்று பார்க்காமல் போர்டுக்கு மேல் போர்டு வைத்துக்கொண்டே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் பால் காயும் வாசனை வந்தது. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர். சாலையோரக் கடைகளைக் கண்டதும் கார்கள் சட்டென்று இடப்பக்கம் ஒதுங்குகின்றன. பின்னால் வரும் பைக்காரர் பிரேக் அடித்து வலது பக்கம் வெட்டுகிறார். எதிரே அரசுப் பேருந்து. கால் மணி நேரம் ஒரு கடை வாசலில் நின்றால் போதும், இப்படி நூலிழையில் தப்புவதைப் பலமுறை பார்க்கலாம். அங்கே எந்த மண்டையோடும் இல்லை. வண்டி நிறுத்த ஒதுக்கிய இடமும் இல்லை.

நம் ஊர்க் காவல் நிலையங்களுக்கு முன்னால் ஒரு காட்சி எப்போதும் உண்டு. விபத்து வழக்குகளில் பிடித்துவைத்த வண்டிகள் குவிந்து கிடக்கும். முகப்பு அப்பளமாக நொறுங்கிய கார், முன்சக்கரம் எட்டு வடிவில் வளைந்த பைக், கூரை கிழிந்த ஆட்டோ. வழக்கு முடியும்வரை அவை அங்கேதான். இதைவிட உண்மையான அதிர்ச்சிக் காட்சியை எந்த ஓவியரும் வரைய முடியாது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வீட்டின் துயரம் இருக்கிறது. ஆனால் அந்தக் குவியலில் எருக்கஞ்செடி முளைத்திருக்கும், ஆடு படுத்திருக்கும், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிய பையன்கள் அதை ஒட்டியே பறப்பார்கள். முதல் வாரம் நின்று பார்த்தவர்கள்கூட அடுத்த மாதம் பார்ப்பதில்லை. அதிர்ச்சி பழகிப்போகும் பொருள். தினமும் ஒரே இடத்தில் வைத்தால் அது மதில்சுவரின் ஒரு பாகமாகிவிடுகிறது.

அன்று மாலை தேரடிப் பக்கம் நடந்தபோது வேறொரு படம் என்னை நிறுத்தியது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தென்மாவட்டங்களில் இது இல்லாத சுவர் இல்லை. இருபது வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. கூலிங் கிளாஸ், புதுச் சட்டை, பைக் மேல் சாய்ந்து சிரிக்கிறான். கீழே நண்பர்களின் பெயர்கள் நெருக்கி நெருக்கி அச்சாகியிருந்தன. ‘அகால மரணம்’ என்ற சொல் மட்டும் இருந்தது. எப்படி இறந்தான் என்று இல்லை. போஸ்டருக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். “வண்டிலதான் சார். பின்னாடி உக்காந்திருந்த பையன் பொழச்சுக்கிட்டான்” என்றார். ரத்தம் இல்லாத அந்தப் படத்தின் முன்னால் நான் நின்ற நேரம், நெடுஞ்சாலையில் பார்த்த ரத்த ஃப்ளெக்ஸுக்குக் கொடுத்ததைவிட அதிகம். காரணம் அவன் முகம். அது எங்கள் தெருவில் இருக்கும் எந்தப் பையனின் முகமாகவும் இருக்கலாம்.

இதை என் மனத்தின் பலவீனம் என்று தள்ளிவிட முடியாது. மும்பையில் இதே உண்மையை வைத்து ஒரு வேலை நடந்திருக்கிறது. வடாலா ரயில் நிலையத்தை ஒட்டித் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து அடிபட்டு இறந்தவர்கள் ஏராளம். தடைச்சுவர், அபராதம், அறிவிப்பு எதற்கும் கூட்டம் மசியவில்லை. மனித நடத்தையை ஆராயும் ஃபைனல் மைல் என்ற நிறுவனம் 2010ஐ ஒட்டி அங்கே மூன்று காரியங்கள் செய்தது. தண்டவாளக் கட்டைகள் சிலவற்றுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். ரயில் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் கண் சரியாக அளக்க அது உதவும். டிரைவர்கள் நீளமாக ஒரு விசில் ஊதுவதற்குப் பதில் இரண்டு குறுவிசில்களை விட்டு விட்டு ஊதினார்கள். மூன்றாவது ஒரு படம். ரயில் மோதப்போகும் கணத்தில் ஒரு மனிதன் அலறும் முகம், மூன்று கட்டங்களாக. உடல் சிதறுவதைக் காட்டவில்லை, ரத்தம் இல்லை, மண்டையோடும் இல்லை. ஜனங்கள் தண்டவாளத்தில் கால் வைக்கும் அதே இடத்தில் அந்தப் படத்தை வைத்தார்கள். அந்த இடத்தில் சாவு நன்றாகக் குறைந்தது. அதிர்ச்சிப் படம் எடுபடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு வடாலா சாட்சி. ஆனால் அங்கே படம் தனியாக நிற்கவில்லை, கூட மஞ்சள் கட்டைகளும் விசிலும் இருந்தன. பார்த்தவரும் நடந்து வருகிறவர். நின்று, பார்த்து, திரும்பிப்போக அவருக்கு நேரம் இருந்தது.

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அந்த நேரம் இல்லை. அந்த வேகத்தில் ஒரு நொடியில் வண்டி 22 மீட்டர் போய்விடும். படத்தைப் பார்க்க இரண்டு நொடி என்றால் நாற்பத்து நாலு மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்துவிட்டார் என்று பொருள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில நெடுஞ்சாலைகளில் மின்பலகைகள் இருக்கின்றன. இந்த ஆண்டு இத்தனை பேர் சாலையில் இறந்தார்கள் என்ற எண்ணிக்கையை அவற்றில் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் காட்டுவார்கள். காட்டிய வாரத்தையும் காட்டாத வாரங்களையும் ஜோனதன் ஹால், ஜோஷுவா மேட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவு வந்தது. எண்ணிக்கை காட்டிய வாரங்களில், பலகையைத் தாண்டிய பத்து கிலோமீட்டருக்குள் விபத்துகள் 4.5 சதவீதம் கூடியிருந்தன. சாவை நினைவூட்டினால் ஜனங்கள் நிதானமாக ஓட்டுவார்கள் என்று நம்பி வைத்த பலகை. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் ஓட்டுகிறவர் மனம் ஒரு கணம் அந்த எண்ணில் மாட்டிக்கொண்டது. சாலைச் சிக்கல் கூடுதலாக உள்ள இடங்களில் பாதிப்பும் கூடுதலாக இருந்தது என்கிறார்கள். வளைவுக்கு முன்னால் ரத்த ஃப்ளெக்ஸ் வைக்கும் நம் வழக்கத்தை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இன்னொன்று இதைவிடக் கவலை தருவது. 1999இல் இஸ்ரேலிய உளவியலாளர்கள் இளம் ராணுவ வீரர்களிடம் மரணத்தை நினைவூட்டிவிட்டு, அவர்கள் வண்டி ஓட்டும் போக்கைக் கவனித்தார்கள். வேகமாக ஓட்டுவதே தன் வீரம் என்று நினைக்கும் பையன்கள் மரணத்தை நினைவூட்டிய பிறகு இன்னும் துணிச்சலாக, இன்னும் ஆபத்தாக ஓட்ட முற்பட்டார்கள். பயமுறுத்தினால் பணிவார்கள் என்ற கணக்கு, யாரை முக்கியமாகப் பயமுறுத்த நினைக்கிறோமோ அவர்களிடமே தலைகீழாகிறது. சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளில் எமன் வேடம் கட்டியவரோடு பையன்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். 2018இல் பெங்களூரு போலீஸ் எமனை ஹெல்மெட் போடாதவர்கள் முன்னால் நிறுத்தியது. 2020 மார்ச்சில் சென்னையில் ஒரு காவல் ஆய்வாளர் கொரோனா வைரஸ் வடிவ ஹெல்மெட் போட்டு வீதியில் நின்றது உலகம் முழுக்கச் செய்தியானது. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். நின்று பார்ப்பது முதல் படிதான்.

மறுநாள் காலை ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தென்னந்தோப்பு, கண்மாய்க் கரை, பிறகு மில் சுவர்கள். ஷிப்ட் முடியும் நேரத்தில் இந்த ஊர்ச் சாலை சைக்கிளும் மொபெட்டும் மில் வேனுமாக நிரம்பிவிடும். ஒரே பைக்கில் மூன்று பேர், இரவு முழுக்கத் தறியோடும் நூலோடும் நின்ற களைப்போடு வருவார்கள். அவர்களுக்கு மண்டையோட்டைக் காட்டி என்ன செய்வது? களைப்பு அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ல.

மாம்பழத்துக்கும் பஞ்சுக்கும் பெயர்போன ராஜபாளையம் நாய்க்கும் பெயர்போனது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. பழையபாளையம் தெருக்களில் சில வீட்டுக் கேட்டுகளில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று ஒரு தகரம் தொங்குகிறது. நாயின் படம்கூட இல்லை, எழுத்தும் பாதி அழிந்துவிட்டது. ஆனால் அதை எல்லோரும் நம்புகிறார்கள், பேப்பர் போடும் பையன்கூடக் கேட்டைத் தொடாமல் எறிந்துவிட்டுப் போகிறான். கேட்டுக்குப் பின்னால் நாய் உண்மையாகவே இருக்கிறது, அது உண்மையாகவே வரும் என்பது ஊருக்குத் தெரியும். நெடுஞ்சாலைப் போர்டுகளுக்குப் பின்னால் எதுவும் வருவதில்லை.

எச்சரிக்கைக்குப் பின்னால் ஏதோ ஒன்று உண்மையாகவே வரும்படி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் செய்துகாட்டியிருக்கிறது. 1989 டிசம்பரில் அங்கே விபத்து இழப்பீட்டு ஆணையம் தொலைக்காட்சியில் மிகக் கடுமையான விளம்பரங்களைத் தொடங்கியது. மருத்துவமனையில் அவசரப் பிரிவு, கதறும் தாய், குடித்துவிட்டு ஓட்டிய காதலன். அந்த ஆண்டு அங்கே சாலையில் இறந்தவர்கள் 770க்கும் மேல். 1992இல் அது 400க்குக் கீழே வந்தது. அதிர்ச்சி விளம்பரத்தின் வெற்றி என்று இதை இன்றுவரை எடுத்துக்காட்டுகிறார்கள். அதே ஆண்டுகளில்தான் வீதி வீதியாக மூச்சுச் சோதனைப் பேருந்துகளும் வேகம் பிடிக்கும் கேமராக்களும் இறங்கின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் பார்த்ததை அடுத்த நாள் சாலையில் போலீஸ்காரர் கேட்டார். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஹெல்மெட் போடாததற்கு அபராதம் நூறிலிருந்து ஆயிரம் ரூபாய் ஆனது. தொகை கூடியதைவிட, பிடிபடுவோம் என்பது உறுதியாகத் தெரிந்த இடங்களில் மட்டும் தலையில் ஹெல்மெட் ஏறுவதுதான் நான் கண்டது. போலீஸ் நிற்கும் முக்கு வந்ததும் டேங்க் மேல் கிடந்த ஹெல்மெட் தலைக்கு வரும், அடுத்த தெருவில் திரும்பவும் டேங்குக்குப் போகும்.

பலகை தானே ஆபத்தாக முடிவதும் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய ஒரு பேனர், ஸ்கூட்டரில் வந்த இளம் பெண்ணின் மேல் விழுந்தது. தடுமாறி விழுந்தவர் லாரியில் சிக்கி இறந்தார். அது சாலைப் பாதுகாப்புப் பேனர் அல்ல, திருமண வாழ்த்து. ஆனால் சாலையோரத்தில் கண்ணை இழுக்கும் எதையும் வைப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அதிர்ச்சிப் படங்களை என்ன செய்வது? வண்டி நிற்கும் இடத்தில் வையுங்கள் என்பேன். எல்.எல்.ஆர். வாங்கப் பையன்கள் காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே வையுங்கள். பெட்ரோல் பங்க்கில், ரயில்வே கேட்டில், டீக்கடையில் வையுங்கள். அங்கே மனம் பதறினாலும் கை ஸ்டீயரிங்கில் இல்லை. படத்தோடு என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கட்டும். ஹெல்மெட்டின் வாரை மாட்டுவது எப்படி, பின்னால் உட்காருகிறவருக்கும் ஏன் வேண்டும், அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு போனால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது என்பது எல்லாம். வழியைக் காட்டாமல் பயத்தை மட்டும் காட்டினால் பார்த்தவர் செய்யக்கூடியது ஒன்றுதான், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் மினி லாரி ஓட்டும் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகிறவர். முப்பது வருடத்துக்கு மேல் இதே சாலை. மண்டையோட்டுப் போர்டைப் பற்றிக் கேட்டேன்.

“அண்ணாச்சி, அதப் பாத்தா நீங்க மெதுவாப் போவீங்களா?”

“பாக்கவே மாட்டேன் தம்பி. ராத்திரி எதிர்ல வர்றவன் லைட்டு கண்ணுல அடிக்கும். அவன் டிம் பண்ண மாட்டான். அப்ப எனக்கு வேண்டியது ரோடு எந்தப் பக்கம் வளையுதுங்கறதுதான்.”

புளியமரங்கள்தான் முன்பு வழிகாட்டின என்றார். அடிமரத்தில் வெள்ளையும் கறுப்பும் அடித்திருப்பார்கள். லைட்டு வெளிச்சத்தில் அந்தப் பட்டைகள் வரிசையாக வளைவதைப் பார்த்துக்கொண்டே வண்டியைத் திருப்பலாம். அகலப்படுத்த மரத்தை வெட்டிய இடங்களில் அந்த வரிசை போய்விட்டது, பதிலுக்குப் பட்டை அம்புக்குறிகள் எல்லா வளைவிலும் வரவில்லை. “அந்த அம்பு நாலு நட்டாப் போதும். ரிஃப்ளெக்டர் ஒட்டுன அம்பு. எமனெல்லாம் எதுக்கு?” பாதயாத்திரை போகிறவர்களைப் பற்றியும் அவரே சொன்னார். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கும் தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்கும் கூட்டம் கூட்டமாக இரவில் நடக்கிறார்கள். அவர்கள் முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடும் வழக்கம் வந்த பிறகு தூரத்திலேயே தெரிகிறார்கள், அதற்கு முன்னால் பக்கத்தில் வந்தபிறகுதான் ஆள் இருப்பதே தெரியும் என்றார்.

செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் இருக்கிறது. முறைத்த கண், முறுக்கிய மீசை, கையில் அரிவாள். இந்தச் சாலையில் ஓடும் டிரைவர்களுக்கு அவரிடம் உண்மையான பயம் உண்டு. நீங்கள் அங்கே நிறுத்துவீர்களா என்று பெரியவரைக் கேட்டேன்.

“நிறுத்தாம எப்படிப் போறது? சாமி கும்பிட்டுட்டு இறக்கத்துக்கு வண்டியப் பாத்துருவேன். டார்ச் அடிச்சு நாலு சக்கரமும் பாப்பேன். கயித்த இழுத்துப் பாப்பேன். ஹெட்லைட் கண்ணாடியத் துடைச்சு, பிரேக்க ரெண்டு தடவ மிதிச்சுப் பாத்துட்டு, செகண்ட் கியர்லதான் எறக்குவேன். கிளீனர் பையனுக்கும் அதச் சொல்லிக் குடுத்திருக்கேன். நான் மறந்துட்டாலும் அவன் அங்க ஞாபகப்படுத்திருவான்” என்றவர், டீ கிளாஸை வைத்துவிட்டு லோடு ஏற்றும் இடத்துக்குக் கிளம்பினார்.